ரொறன்ரோ 2017: ஸ்காபரோ மச்சான் சொல்வது சரியா?

உவர்மலை லெப்ட்பேக்:

உதைபந்தாட்டம் தெரிந்த அண்ணாமார் யாராவது இதைத் தீர்த்து வையுங்கள். ஸ்காபரோவில் இருக்கிற என் மச்சானுக்கும் எனக்கும் மூன்று நாளாக வாட்ஸ்அப்பில் சண்டை. அவன் ரொறன்ரோ எஃப்.சி. பைத்தியம். அமெரிக்கா, கனடாக் கழகங்கள் ஆடும் எம்.எல்.எஸ். லீக் தொடங்கிய நாளிலிருந்து ரொறன்ரோ 2017இல் ஆடியதுபோல ஒரு சீசனை எந்தக் கழகமும் ஆடவில்லை என்கிறான். 34 மட்ச், 20 வெற்றி, 9 சமநிலை, 5 தோல்வி, 69 புள்ளி, அப்போது அது லீக் சாதனை. சரி, அப்போது சாதனை. அதற்குப் பிறகு நான்கு கழகங்கள் அதைத் தாண்டிவிட்டனவே என்று கேட்டால் "உனக்கு விளங்காது" என்று ஒரு வாய்ஸ் அனுப்பிவிட்டுத் தூங்கப் போய்விடுகிறான்.

இன்னொன்று, முதலாவதாக வந்த அணிக்கு ஒரு கேடயத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு ஏன் பிளேஓஃப் என்று இன்னொரு போட்டி வைத்து வேறு சாம்பியனைத் தேடுகிறார்கள்?

நான் இதைக் கேட்பதற்கு வேறு காரணமும் உண்டு. போன வருடம் திருகோணமலை மக்கெய்சர் மைதானத்தில் எங்கள் கழகம் ஒரு இறுதியாட்டத்தில் பெனால்டியில் தோற்றது. முழு நேரமும் பந்து எங்கள் காலில்தான் இருந்தது, ஆனால் கோல் வரவில்லை. இப்போது கழகத்தில் பாதிப் பேர் அணியைக் கலைத்துப் புதுப் பொடியன்களைப் போடச் சொல்கிறார்கள், கோச் மட்டும் வேண்டாம் என்று நிற்கிறார். ரொறன்ரோவும் 2016இல் இப்படித்தான் தோற்றதாம். அடுத்த வருடத்துக்குள் அவர்கள் என்ன செய்தார்கள்?

மூதூர்க்காரன், இப்போது ஸ்காபரோ:

தம்பி, 2016 டிசம்பர் 10ஆம் தேதி நான் அந்த மைதானத்தில் நின்றவன். பி.எம்.ஓ. ஃபீல்ட் ஒன்டாரியோ ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிறது, ஏரிக்காற்று என்றால் நம் கடற்கரைக் காற்று மாதிரி இல்லை, காதை அறுத்துக் கையில் தந்துவிடும். 120 நிமிடம் ஆடினார்கள். எதிரணி சியாட்டில் சவுண்டர்ஸ், ரொறன்ரோ கோலை நோக்கி ஒரு அடி, ஒரே ஒரு அடிகூட இலக்கில் அடிக்கவில்லை. ஆனாலும் 0-0, பெனால்டியில் 5-4, பிளேஓஃபை வெல்பவருக்குத் தரும் எம்.எல்.எஸ். கப் அவர்களுக்கு. எங்கள் அல்டிடோர் தலையால் முட்டிய ஒரு பந்தை சியாட்டில் கோல் காப்பாளர் ஸ்டெஃபான் ஃப்ரை பின்னால் பாய்ந்து கையால் தட்டியது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அந்த ஃப்ரை முன்பு ரொறன்ரோவுக்கே கோல் காத்தவர், அதுதான் கூடுதல் எரிச்சல்.

முன்கதை தெரியாவிட்டால் இந்த வலி விளங்காது. கழகம் லீக்கில் சேர்ந்தது 2007இல். முதல் எட்டு சீசனும் பிளேஓஃப் வாசலைக்கூட மிதிக்கவில்லை. 2012இல் சீசன் தொடங்கி முதல் ஒன்பது மட்சும் வரிசையாகத் தோல்வி. அப்போது நாங்கள் மட்சுக்குப் போனதே குளிர் விட்ட பிறகு பிள்ளைகளை எங்காவது கூட்டிப் போகவேண்டும் என்பதற்காகத்தான்.

இப்போது உன் கேள்வி. 2016 தோல்விக்குப் பிறகு ரொறன்ரோ கோச் கிரெக் வானி அணியைக் கலைக்கவில்லை. பிராட்லி, ஜொவிங்கோ, அல்டிடோர், பின்னால் மொரோ, மூர் எல்லாரும் அப்படியே இருந்தார்கள். பெரிதாகச் சொல்லக்கூடிய வரவு என்றால் நடுக்களத்துக்கு வந்த விக்டர் வாஸ்கெஸ். பார்சலோனாப் பயிற்சிப் பள்ளியில் மெஸ்ஸியின் வயதுக் கூட்டத்தோடு வளர்ந்தவர், பெல்ஜியத்தில் புரூக கழகத்தில் ஆடிவிட்டு மெக்சிக்கோ வழியாக வந்தார். அவர் வரும்வரை ஜொவிங்கோ பந்தைத் தேடி நடுக்களம்வரை இறங்கி, வாங்கி, தானே கொண்டுபோய், தானே அடிக்கவேண்டும். எதிரணிக்கு வேலை சுலபம், அவரை மட்டும் இரண்டு பேர் பிடித்தால் போதும். வாஸ்கெஸ் வந்த பிறகு பந்து ஜொவிங்கோவைத் தேடி வந்தது. 74 கோல் போட்டு 37 தான் வாங்கினார்கள். உங்கள் அணியில் ஆட்கள் பிழையா, அல்லது பந்தைக் கொண்டுவந்து தருகிற ஒருவன் இல்லையா என்று முதலில் பாருங்கள்.

கடைசியில் 2017 டிசம்பர் 9, அதே மைதானம், அதே சியாட்டில், கோலில் அதே ஃப்ரை. வருடம் முழுக்க மூன்று பேரைப் பின்னால் வைத்து ஆடிய வானி அன்று நான்கு பேராக்கி நடுக்களத்தை வைர வடிவத்தில் நிறுத்தினார், சியாட்டிலுக்கு மூச்சுவிட நேரமில்லை. ஃப்ரை அன்றும் தடுத்துக்கொண்டே இருந்தார், "இன்றைக்கும் அதே கதைதானோ" என்று பக்கத்தில் நின்ற ஒருவர் தலையில் கை வைத்துவிட்டார். 67ஆவது நிமிடம் ஜொவிங்கோ தள்ளிய பந்து, அல்டிடோர், கோல். 90 நிமிடம் முடிந்து நடுவர் சேர்த்த நிமிடங்களில் வாஸ்கெஸ் இரண்டாவது. கனடாக் கழகம் ஒன்று எம்.எல்.எஸ். கப்பை வென்றது அதுதான் முதல் தடவை.

கிண்ணியா விங்கர்:

புள்ளிக் கணக்குக்கு நான் பதில் சொல்கிறேன். 69ஐத் தாண்டியவர்கள் யார்? 2018இல் நியூயோர்க் ரெட் புல்ஸ் 71, 2019இல் லொஸ் ஏஞ்சலிஸ் எஃப்.சி. 72, 2021இல் நியூ இங்கிலாந்து 73, 2024இல் மெஸ்ஸியின் இன்டர் மயாமி 74. இந்த நான்கு பேரில் அந்த வருடம் எம்.எல்.எஸ். கப் எடுத்தவர் யார் என்று தேடிப் பார், ஒருவரும் இல்லை. நியூ இங்கிலாந்து பிளேஓஃபில் ஆடிய முதல் மட்சிலேயே பெனால்டியில் போனது. மயாமி முதல் சுற்றிலேயே அட்லான்டாவிடம் மாட்டியது. ரொறன்ரோ சப்போர்ட்டர்ஸ் ஷீல்ட் என்கிற லீக் கேடயம், எம்.எல்.எஸ். கப், கனடியச் சாம்பியன்ஷிப் மூன்றையும் ஒரே வருடத்தில் எடுத்தது. உன் மச்சானுக்கு வாதம் செய்யத் தெரியவில்லை, அவ்வளவுதான், விசயம் அவன் பக்கம்.

பிளேஓஃப் ஏன் என்றால், அந்த நாட்டுப் பழக்கம் அது. கூடைப்பந்து, பேஸ்போல் எல்லாவற்றிலும் நீண்ட லீக் ஆடிவிட்டுக் கடைசியில் நொக்அவுட். தூரமும் ஒரு காரணம், கிழக்கு மேற்கு என்று இரண்டாகப் பிரித்திருப்பதால் எல்லாரும் எல்லாரோடும் சம அளவில் மோதுவதில்லை. எனக்கும் பிடிக்காது. ஆனால் அப்படி இருப்பதால்தான் இரண்டையும் சேர்த்து எடுப்பது கஷ்டம்.

அது சரி தம்பி, உங்கள் பெனால்டியைக் கம்பத்தில் அடித்தது யார் என்று நீ எழுதவில்லையே.

பாலையூற்றுப் பழசு:

எல்லாரும் காசைப் பற்றிப் பேசாமல் நழுவுகிறீர்கள். அந்த லீக்கில் சம்பள உச்சவரம்பு இருக்கிறது, ஆனால் மூன்று பேருக்கு மட்டும் வரம்பைத் தாண்டிக் கொடுக்கலாம். ரொறன்ரோ அந்த மூன்று இடத்தையும் ஜொவிங்கோ, பிராட்லி, அல்டிடோர் என்று மில்லியன் கணக்கில் கொட்டி நிரப்பியது. எங்கள் ஏகாம்பரம் மைதானத்தில் பந்துக்குக் காற்றடிக்கவே ஆள் ஆளாகக் காசு சேர்த்த காலம் எனக்குத் தெரியும், அதனால் இந்தக் கதையை இங்கே பொருத்தும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும்.

அதிர்ஷ்டமும் இருந்தது. 2017 பிளேஓஃபில் ரெட் புல்ஸை வெளியில் 2-1 வென்றார்கள், வீட்டில் 0-1 தோற்றார்கள். மொத்தம் 2-2, மொத்தம் சமமானால் எதிரணி மைதானத்தில் கூடுதல் கோல் போட்டவர் முன்னேறுவார் என்ற அப்போதைய கணக்கால்தான் தப்பினார்கள். அந்த மட்சில் இடைவேளைக்கு உள்ளே போகும் வழியில் கைகலப்பு நடந்து அல்டிடோருக்குச் சிவப்பு அட்டை. அடுத்த சுற்றில் கொலம்பஸுடனான முதல் மட்சில் அவர் இல்லை, 0-0. இரண்டாவதுக்கு வந்து நொண்டிக்கொண்டே ஒரு கோல் போட்டார், அந்த ஒரு கோல்தான் இறுதிக்குக் கொண்டுபோனது.

பிறகு 2018? வட, மத்திய அமெரிக்கக் கழகங்கள் மோதும் கொன்ககாஃப் சாம்பியன்ஸ் லீக் இறுதியில் மெக்சிக்கோவின் குவாதலஹாராவிடம் மறுபடி பெனால்டியில் தோல்வி. லீக்கில் 36 புள்ளி, பிளேஓஃபே இல்லை. அணியைக் கலைக்காமல் வைத்திருப்பது நல்லதுதான், ஆனால் எத்தனை வருடத்துக்கு என்று கோச்சிடம் கேள்.

உவர்மலை லெப்ட்பேக்:

மூவருக்கும் நன்றி. கிண்ணியா நானா, கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். ஐந்தாவது அடி என்னுடையது. மேல் கம்பத்தில் பட்டது. அன்றிலிருந்து வீட்டில் அம்மாகூட அதைப் பற்றிப் பேசுவதில்லை, அதுதான் இன்னும் மோசம். அணியைக் கலைக்கச் சொல்கிறவர்கள் முதலில் சொல்வது என் பெயரைத்தான்.

கிண்ணியா விங்கர்:

நினைத்தேன், அதனால்தான் கேட்டேன், கோபிக்காதே. 2016 இறுதியில் ரொறன்ரோவுக்குக் கடைசிப் பெனால்டியை மேல் கம்பத்தில் அடித்தவர் ஜஸ்டின் மொரோ. அடுத்து சியாட்டிலின் டொரெஸ் வந்து அடித்து முடித்துவிட்டார். மொரோவும் உன்னைப்போல இடது பக்கப் பின்வரிசைக்காரர். 2017 செப்டெம்பர் 30ஆம் தேதி ரெட் புல்ஸை 4-2 என்று வென்றுதான் ரொறன்ரோ லீக் கேடயத்தை உறுதி செய்தது. அந்த நான்கில் மூன்று மொரோவுடையது. பின்வரிசைக்காரன் ஹட்ரிக்! வானி அவரை வெளியே போட்டிருந்தால் அது யார் காலில் இருந்து வந்திருக்கும்?

மூதூர்க்காரன், இப்போது ஸ்காபரோ:

அந்த மூன்று கோலுக்கும் நான் கத்திய கத்தலில் மறுநாள் வேலைக்குக் குரல் இல்லாமல் போனேன். தம்பி, அடுத்த முறை பெனால்டி வந்தால் நீயே முதலில் போய்ப் பந்தை எடு.

பாலையூற்றுப் பழசு:

முதலில் ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்குப் போகட்டும்.

உவர்மலை லெப்ட்பேக்:

போவேன் அண்ணா, கோச்சும் வரச் சொல்லியிருக்கிறார். மச்சானிடம் "நீ சொன்னது சரி, ஆனால் 2018இல் என்ன நடந்தது?" என்று அனுப்பினேன். இரண்டு நீலக் கோடும் விழுந்து ஒரு மணித்தியாலம் ஆகிறது, இன்னும் பதில் இல்லை.