'டிஸ்க் விலகல்' என்ற சொல்லை விட்டுவிடலாமா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

நம்மவர்கள் 'டிஸ்க் விலகல்' என்று சொல்லும் முள்ளந்தண்டு நோய்க்கு, ஆங்கிலத்தில் 'ஹேர்னியேற்றட் டிஸ்க்' என்பதற்கு, நல்ல தமிழ்ச் சொல் கேட்டு நான் எழுதிய மடலுக்கு நான்கு பரிந்துரைகள் வந்தன: தட்டு விலகல், சவ்வு விலகல், வட்டிறக்கம், முள்ளென்பிடைத் தட்டுப் பிதுக்கம். ஒரு கிழமையாக நான்கையும் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். நாரி நோவோடு (கீழ்முதுகு வலியோடு) வருகிறவர்கள் கையில் கொடுக்க ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். சொல் முடிவானால்தான் அதை அச்சுக்குக் கொடுக்கலாம்.

முதலில் என் மச்சானுக்கு நடந்ததைச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்து உரும்பிராயில் வெங்காயத் தோட்டம் செய்கிறவர். இரண்டு வருடத்துக்கு முன் இறைப்பு மெசினைக் குனிந்து தூக்கும்போது நாரியில் பிடித்தது. இரண்டு நாளில் நோ இடது காலின் பின்பக்கத்தால் இறங்கிச் சின்னவிரல் வரை இழுத்தது. பார்த்தவர்கள் "டிஸ்க் விலகியிருக்கு" என்று சொல்லி அனுப்பினார்கள். அவர் அதை எப்படி விளங்கிக்கொண்டார் தெரியுமா? அடுக்கி வைத்த தட்டில் ஒன்று வெளியே நழுவிவிட்டது, அசைந்தால் இன்னும் நழுவும் என்று. மூன்று கிழமை பாயை விட்டு எழும்பவே இல்லை. பிறகு விலகினதை உள்ளே தள்ளிவிட ஒருவரைத் தேடிப்போய், எண்ணெய் போட்டு நாரியை அமத்துவித்து வந்தார். அன்றிரவு கால் நோ இரண்டு மடங்கானது. அமத்தியவர் தனக்குச் சொல்லப்பட்டதைத்தான் செய்தார். விலகியது என்றால் திரும்ப வைக்கத்தானே வேண்டும்!

ஆனால் உள்ளே எதுவும் நழுவுவதில்லை. முள்ளந்தண்டில் மொத்தம் 23 இடைத்தட்டுகள். ஒவ்வொன்றும் மேலும் கீழும் உள்ள முள்ளென்போடு இறுகப் பிணைந்திருக்கிறது. வெளியே நார்களாலான தடித்த வளையம், நடுவில் நீர்ப்பிடிப்புள்ள கூழ் போன்ற கரு. ஆடிப்பிறப்புக்கு அவிக்கும் கொழுக்கட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். அழுத்தினால் கொழுக்கட்டை இடம் மாறாது. மா மெல்லியதாக இருக்கும் பக்கத்தில் வெடித்து உள்ளுடன் வெளியே வரும். இடைத்தட்டில் அந்த மெல்லிய பக்கம் பின்புறத்தின் ஓரம். நரம்பு வேர் போகும் வழியும் அதுதான். பிதுங்கிய கூழ் வேரை அழுத்துவதோடு அங்கே அழற்சியையும் உண்டாக்குகிறது. காரணம் நாரியில் இருக்க நோ காலில் தெரிவது இதனால்தான். நாரியின் கடைசி இரண்டு தட்டுகளிலேயே இது அதிகம் வருகிறது.

ஆகவே வினைச்சொல் 'பிதுங்கு' என்பதே என் கட்சி. அதற்கு இன்னொரு வலுவான காரணமும் இருக்கிறது. பிதுங்கிய பகுதியை உடல் மெல்ல மெல்லத் தின்று கரைத்துவிடுகிறது. அதிகமாக வெளியே வந்ததும், முழுதாகக் கழன்று விழுந்ததுமே கூடுதலாக வற்றுகின்றன. 'பிதுங்கியது வற்றும்' என்று எழுதினால் தமிழ் இயல்பாக ஓடுகிறது. 'விலகியது வற்றும்' என்று எழுதிப் பாருங்கள், வாக்கியம் நொண்டுகிறது. நோயாளி பொறுத்திருப்பதற்கான நியாயம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கவேண்டும். பெரும்பாலானோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு கிழமைக்குள் சத்திரசிகிச்சை இல்லாமலே நோ தணிகிறது. நோவுக்கு மருந்து, ஏலுமான அளவு நடமாட்டம், பிறகு பிசியோதெரபி. நாட்கணக்கில் படுத்துக் கிடப்பது நன்மை தருவதில்லை. மச்சானும் பின்னேரங்களில் ஒழுங்கை முடிவுவரை நடக்கத் தொடங்கி, மூன்றாம் மாதம் தோட்டத்துக்குத் திரும்பினார்.

இனிப் பெயர்ச்சொல். 'சவ்வு' தமிழகத்துப் பேச்சில் சரியாக இருக்கலாம். இங்கே பள்ளிப் பிள்ளைக்குச் சவ்வு என்றால் மெல்லிய படலம், ஆகவே குழப்பும். 'வட்டிறக்கம்', 'ஹேர்னியா'வைக் குறிக்கும் குடலிறக்கத்தைப் பார்த்துச் செய்த சொல். ஆக்கியவரின் உழைப்பை மதிக்கிறேன், ஆனால் இங்கே எதுவும் இறங்குவதில்லை. அதோடு வட்டும் இறக்கமும் புணரும்போது கண்ணுக்கு முதலில் தெரிவது 'வட்டி'. வங்கி அறிவித்தல் என்று நினைத்துவிடுவார்கள். 'வட்டு' தனியே நல்ல சொல்தான், ஆனால் நம்மவர்களிடம் அது இறுவட்டோடு (சீடியோடு) ஒட்டிப்போய்விட்டது. தட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. விளையாட்டுப் போட்டியில் தட்டெறிதல் என்கிறோமே, 'டிஸ்க்' என்ற சொல்லின் வேரும் அந்த எறியும் தட்டுத்தான். 'முள்ளென்பிடைத் தட்டு' பாடநூலுக்கு இருக்கட்டும். கையேட்டுக்கு 'இடைத்தட்டு' போதும். இடை என்பது இடுப்பையும் குறிக்குமே, கழுத்தில் வந்தால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருந்தார். 'கழுத்து இடைத்தட்டு' என்று எழுதினால் எவரும் தடுமாறமாட்டார்கள்.

ஆக, இடைத்தட்டுப் பிதுக்கம். வெளி வளையத்துக்கு நார்வளையம், உள்ளிருப்பதற்குக் கூழ்க்கரு.

எம்.ஆர்.ஐ. அறிக்கையில் வரும் படிநிலைகளுக்குத் தனித்தனிச் சொல் கட்டாயம் தேவை. தட்டின் விளிம்பு பரவலாகத் தள்ளி நிற்பது புடைப்பு. ஓரிடத்தில் அகன்ற அடியோடு தள்ளுவது, குறுகிய பொருளில், பிதுக்கம். கழுத்துச் சிறுத்துத் தலை பெருத்து வெளியே வருவது வெளித்தள்ளல். தட்டோடு தொடர்பற்றுப் போனது கழல்துண்டு. இலக்கணப்படி புணர்த்தால் வாசிக்கிறவர் திணறுவார், அதனால் புணர்க்காமல் விட்டேன். இந்த வேறுபாட்டில் நான் பிடிவாதமாக நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. 1994இல் அமெரிக்காவில் நாரி நோ இல்லாத 98 பேரைப் படம் எடுத்துப் பார்த்தபோது 52 வீதமானோருக்குப் புடைப்பும் 27 வீதமானோருக்குப் பிதுக்கமும் இருந்தன. வெளித்தள்ளல் 1 வீதம் மட்டும். எல்லாவற்றையும் 'விலகல்' என்று ஒரே சொல்லில் எழுதினால், புடைப்பு மட்டும் உள்ளவர் அறிக்கையை வைத்துக்கொண்டு நித்திரை இல்லாமல் கிடப்பார்.

சத்திரசிகிச்சையின் பெயரிலும் ஒரு சிக்கல். 'தட்டகற்றல்' என்று எழுதினால் தட்டு முழுவதையும் எடுத்துவிடுவார்கள் என்று பயப்படுகிறார்கள். உண்மையில் நுணுக்குக்காட்டி வழியே பார்த்து, நரம்பை அழுத்தும் துண்டை மட்டும் எடுக்கிறார்கள். 'பிதுக்க நீக்கம்' என்று வைப்போம். கால் நோ அதனால் விரைவாகக் குறைகிறது. ஆனால் 2007இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வில், உடனே சத்திரசிகிச்சை செய்தவர்களும் பொறுத்துப் பார்த்தவர்களும் ஒரு வருட முடிவில் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருந்தார்கள். பொறுத்தவர்களில் 39 வீதமானோர் இடையில் சத்திரசிகிச்சைக்குப் போனார்கள் என்பதையும் கையேட்டில் மறைக்கமாட்டேன்.

ஓர் இடத்தில் மட்டும் பொறுமை கூடாது. சலம் (சிறுநீர்) போகாமல் அடைப்பது, கால்கள் சோர்வது, தொடை இடுக்கும் ஆசனவாயைச் சுற்றிய இடமும் மரப்பது. இவை வந்தால் முள்ளந்தண்டின் அடிப்பகுதியில் உள்ள குதிரைவால் நரம்புக்கற்றை நசிகிறது என்று பொருள், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். ஆங்கிலத்தில் அந்த மரப்புக்குக் குதிரைச் சேணத்தின் பெயர் வைத்திருக்கிறார்கள். 'சேண மரப்பு' என்று ஒருவர் மொழிபெயர்த்திருந்தார். சேணம் கண்டவர் யாழ்ப்பாணத்தில் எத்தனை பேர்? 'சைக்கிள் சீற்றில் படும் இடம் மரத்துப்போதல்' என்றே எழுதப்போகிறேன். நீளம்தான். ஆனால் இந்தச் சொல் விளங்காமல் போனால் ஒருவர் வாழ்நாள் முழுதும் சலக்குழாயோடு இருக்க நேரலாம்.

"சொந்தச் சொல் ஆக்கினால் யார் பயன்படுத்துவார்கள்" என்று ஒரு நண்பர் சலித்திருந்தார். 1847இல் இங்கே வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்றுக்கு அங்காதிபாதம் என்றும் சத்திரசிகிச்சைக்கு இரணவைத்தியம் என்றும் எழுதினார். இரண்டும் இன்று வழக்கில் இல்லை. ஆனாலும் அந்த நூல்களைப் படித்தவர்கள் நோயாளியின் மொழியில் மருத்துவம் பார்த்தார்கள். எங்கள் சொற்களும் பிறகு மாறினால் மாறட்டும்.

இன்னும் ஒன்று மிச்சம். நாரியிலிருந்து காலுக்கு இழுக்கும் அந்த நோவுக்கு, 'சியாற்றிக்கா'வுக்கு, எனக்குத் திருப்தியான சொல் கிடைக்கவில்லை. உங்கள் ஊரில் வயதானவர்கள் அதை என்னவென்று சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். தீவுப்பகுதி, வன்னிப் பக்கத்து நண்பர்கள் கட்டாயம் எழுதவேண்டும். வருகிற வெள்ளிக்கிழமை வரை அந்தப் பக்கத்தை வெறுமையாகவே வைத்திருப்பேன்.