சாட்ஸ்வொர்த் மாளிகை: எந்தச் சுவர் எந்தக் காலம்?

வரைபலகை (டர்பன்):
வணக்கம். கட்டடக்கலைப் படிப்புக்காக இங்கிலாந்தின் டெர்பிஷயரில் உள்ள சாட்ஸ்வொர்த் மாளிகைக்குக் காலவாரி வரைபடம் போடுகிறேன், ஒவ்வொரு காலத்துச் சுவருக்கும் ஒரு நிறம். முதல் மாளிகையைக் கட்டிய சீமாட்டி பெஸ் ஆஃப் ஹார்ட்விக் காலத்து வேலை 1553-ல் தொடங்கியது என்கிறார்கள். ஆனால் முகப்புகள் எல்லாம் 1700-ஐ ஒட்டியவை. அப்படியானால் 16-ஆம் நூற்றாண்டுக்கு என்று எதற்கு நிறம் தீட்டுவது?

பழங்காரை (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):
முகப்பை விட்டுவிட்டு முற்றத்தைப் பாருங்கள் தம்பி. மாளிகையின் பிற்கால உரிமையாளரான முதல் டெவன்ஷயர் டியூக் ஒரே மூச்சில் இடித்துக் கட்டவில்லை. 1687-ல் கட்டடக்கலைஞர் வில்லியம் டால்மன் தெற்குப் பக்கத்தில் தொடங்கினார். அடுத்து கிழக்கு, பிறகு மேற்கு, கடைசியாக 1705-07-ல் இன்னொரு கட்டடக்கலைஞர் தாமஸ் ஆர்ச்சர் வடக்கு. பக்கம் பக்கமாக மாற்றியதால் நடு முற்றத்தைச் சுற்றிய எலிசபெத் காலத்து அமைப்பு அப்படியே தங்கிவிட்டது. அரச விருந்தினருக்கான அறைவரிசை இரண்டு மாடி ஏறிய பிறகு வருவதும் அந்தப் பழைய வீட்டின் வழக்கம்தான்.

இன்னொரு தடயம் வடக்கு முகப்பு. மேற்குப் பக்கம் வடக்கே நீண்ட அளவு, கிழக்குப் பக்கத்தைவிட சுமார் 9 அடி அதிகமாகிவிட்டது. இரண்டு முனைகளையும் நேர்கோட்டில் இணைத்தால் முகப்பு கோணலாகத் தெரியும். அதை மறைக்கத்தான் ஆர்ச்சர் முகப்பை வளைவாகக் கட்டினார். எனக்கு இந்த மாளிகையிலேயே மிகவும் பிடித்த இடம் அது.

அளவுகோல் (டங்காட்):
அண்ணன் சொன்னதோடு ஒன்று. அமைப்பு பழையது என்பதற்காகச் சுவருக்கும் பழைய நிறம் தீட்டிவிடாதீர்கள். கல்லின் காலத்தை முழு நிறத்திலும், தளவமைப்பின் காலத்தை வெறும் கோட்டிலும் காட்டுங்கள். ஒவ்வொரு மாடிக்கும் தனித் தாள் வேண்டும். பயன் மாறிய அறைக்கு மூன்றாவது குறி: இன்றைய நூலகம் முதலில் நீள்கூடமாகக் கட்டப்பட்டது, ஆறாம் டியூக்தான் அதை நூலகமாக்கினார். வடக்கே நீளும் பெரிய சிறகும் அவர் காலத்தது, 1820-களில் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி வயட்வில் தொடங்கியது. எலிசபெத் காலக் கட்டடமாகவே நிற்பதைக் காட்ட வேண்டுமானால், மேலே காட்டில் உள்ள வேட்டைக் கோபுரத்தைச் சேருங்கள்.

வரைபலகை:
மிக்க நன்றி. நேரில் போனால் சுவரில் எதைத் தேட வேண்டும்?

பழங்காரை:
நேர் மூட்டு. ஒரே சமயத்தில் கட்டிய சுவரில் கற்கள் ஒன்றையொன்று கவ்வி நிற்கும். பின்னால் ஒட்டிய சுவரில், பல் விட்டுக் கட்டாவிட்டால், மேலிருந்து கீழ்வரை ஒரே கோடு விழும். செதுக்குக்கல் முகப்பு அதை மறைத்துவிடும், அதனால் நிலவறையிலும் கூரைக்கடியிலும் தேடுங்கள். கட்டடத்தின் நடுவே காரணமில்லாமல் மூன்றடி கனத்தில் ஒரு சுவர் வந்தால், அது ஒரு காலத்தில் வெளிச்சுவராக இருந்ததா என்று கேளுங்கள்.

சன்னலை வைத்து மட்டும் காலம் சொல்லாதீர்கள். மேலும் கீழும் நகரும் சாஷ் சன்னலில் கண்ணாடிகளைப் பிரிக்கும் மெல்லிய சட்டங்கள் 1700 வாக்கில் தடிமனாக இருந்து, 1800-ஐ ஒட்டி அரை அங்குல அளவுக்கு மெலிந்தன. பக்கக் கட்டைகளில் கொம்பு நீட்டியிருந்தால் பெரும்பாலும் 1840-க்குப் பிறகு: பெரிய கண்ணாடியின் எடையைத் தாங்க வந்தது அது. ஆனால் சட்டத்தை மாற்றுவது எளிது, சுவர் நூறு ஆண்டு மூத்ததாக இருக்கலாம். தேதி பொறித்த, மழைநீர்க் குழாயின் மேலுள்ள ஈயத் தொட்டியையும் அப்படித்தான் கழற்றி வேறிடத்தில் மாட்டுவார்கள்.

அளவுகோல்:
ஓக் உத்தரத்தின் வளையங்களை எண்ணிய அறிக்கை கிடைத்தால், மரப்பட்டையின் விளிம்பு இருந்ததா என்று முதலில் பாருங்கள். இருந்தால்தான் மரம் வெட்டிய ஆண்டு கிடைக்கும், இல்லாவிட்டால் ஒரு கால வரம்புதான். பயனில்லாத பழைய பொருத்துக்குழிகள் தெரிந்தால் அது வேறெங்கோ இருந்து எடுத்து வந்த மரமாக இருக்கலாம்.

போகுமுன் மாரிட்ஸ்பர்க்கின் பழைய செங்கல் கட்டடங்களில் நேர் மூட்டு பார்த்துப் பழகுங்கள். கண்ணால் மட்டும், காரையைச் சுரண்டக் கூடாது. 60 ஆண்டு கடந்த கட்டடத்தில் கைவைக்க தென்னாப்பிரிக்காவின் 1999 பாரம்பரியச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி அனுமதி வேண்டும்.