தங்கச்சிக்கு 'கேரியர்' அட்டை வந்திருக்கிறது, நிச்சயத்தை நிறுத்தணுமா?

சேர்வராயன்_தம்பி:
ஏற்காட்டுக்கு மேலே எங்கள் ஊரில் முகாம் போட்டு ரத்தம் எடுத்தார்கள். தங்கச்சிக்கு 'சிக்கிள் செல் கேரியர்' என்று அட்டை வந்திருக்கிறது. கொடுத்தவர் எதையும் விளக்கவில்லை, கையெழுத்து வாங்கிக்கொண்டு ஜீப் ஏறிவிட்டார். தை மாசம் மாமன் மகனோடு நிச்சயம். அம்மா அட்டையை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள். இது நோயா? காபி பறிக்கப் போகிற பிள்ளை, நல்லாத்தான் இருக்கிறாள். மாமன் வீட்டில் சொல்லணுமா?

ஓய்வுபெற்ற_நர்சம்மா:
தம்பி, இது நோய் இல்லை என்று முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று வரும் இரண்டு ஜீனில் தங்கச்சிக்கு ஒன்றில்தான் மாற்றம். இரண்டிலும் இருந்தால்தான் ரத்தச் சிவப்பணு அரிவாள் போல வளைகிற சிக்கிள் செல் நோய். வேலைக்குப் போகட்டும்.

பார்க்க வேண்டியது மாப்பிள்ளை ரத்தத்தை. இது உங்கள் அம்மா வழியில் வந்திருந்தால் மாமனுக்கும் இருக்கலாம், அவர் மகனுக்கும் இருக்கலாம். இரண்டு பேரும் கேரியர் என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டால் அடுத்த மூன்றும் தப்பிவிடும் என்று சிலர் கணக்குப் போடுவார்கள், அது தப்பு. முகாமில் செய்கிற சாதாரண சோதனை மட்டும் போதாது, ஹீமோகுளோபின் வகையைப் பிரித்துக் காட்டுகிற எச்.பி.எல்.சி சோதனை கேளுங்கள். மாப்பிள்ளை பீட்டா தலசீமியா என்கிற இன்னொரு பரம்பரை ரத்த நோய்க்குக் கேரியராக இருந்தாலும் பிள்ளைக்குச் சிக்கல்தான், அதை முகாம் சோதனை காட்டாது. நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மலைக்காரன்:
2023 ஜூலையில் மத்தியப் பிரதேசத்தில் இந்த நோய்க்கு மத்திய அரசு திட்டம் தொடங்கினார்கள். 40 வயது வரைக்கும் 7 கோடிப் பேரைச் சோதிக்கணுமாம், 2047-க்குள் ஒழிக்கணுமாம். எல்லாம் எண்ணிக்கைதான். நாளைக்கு மலைச் சனம் என்றாலே ரத்தம் கெட்டது என்பான்.

ஓய்வுபெற்ற_நர்சம்மா:
எண்ணிக்கைக்கு ஓடுவது உண்மைதான், நானும் டார்கெட் நோட்டோடு மலை ஏறினவள்தான். உட்கார்ந்து அரை மணி பேசினால் அதை எழுத எங்கள் படிவத்தில் கட்டமே கிடையாது. ஆனால் நீலகிரி மலைச் சனத்திடம் இந்த ரத்த மாற்றத்தைக் கண்டுபிடித்தது 1952-ல். இத்தனை வருஷம் சோதிக்காமல் விட்டதில் நம் சனத்துக்கு என்ன லாபம்? நோயுள்ள பிள்ளையைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் தடுப்பூசி, பென்சிலின், அப்புறம் வலியைக் குறைக்கிற ஹைட்ராக்சியூரியா மருந்து என்று வழி இருக்கிறது. தெரியாவிட்டால் மூட்டு வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருப்போம். அட்டை உங்களுடையது, ஊருக்குக் காட்ட வேண்டாம். மாமன் வீட்டில் மட்டும் சொல்லிவிடுங்கள்.

சேர்வராயன்_தம்பி:
சரி அக்கா, மச்சானிடம் பேசிவிட்டேன், வருகிறேன் என்கிறார். சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். வெறும் வயிற்றோடு போகணுமா?

ஓய்வுபெற்ற_நர்சம்மா:
வேண்டாம், சாப்பிட்டுவிட்டே போங்கள். கடந்த மூணு மாசத்தில் அவருக்கு ரத்தம் ஏற்றியிருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள், ரிசல்ட் குழம்பும்.