பள்ளி விட்டு வந்ததும் முதலில் ஓய்வு: அட்டவணை போட்டுப் பார்த்தவர்களின் அனுபவங்கள்

என் மகன் ஆறாம் வகுப்பு. பள்ளி திறந்த முதல் வாரமே அவனுக்கு ஒரு அட்டவணை போட்டுவிட்டேன். நாலு நிற ஸ்கெட்ச் பேனா, அளவுகோல் வைத்துக் கோடு, அலமாரிக் கதவில் ஒட்டியும் ஆயிற்று. 4.30 கணக்கு, 5.15 அறிவியல், 6.00 விளையாட்டு, 6.30 மொழிப்பாடம், 7.15 வீட்டுப்பாடம். இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் வேன் தாமதம், 4.50க்குத்தான் வந்து சேர்ந்தான். கணக்கு இருபது நிமிடம் தள்ளிப்போக, அதை ஈடுகட்ட விளையாட்டில் கை வைத்தேன். மறுநாள் வேறொரு காரணம், அதற்கும் விளையாட்டுதான் கிடைத்தது. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் அந்த முதல் இரண்டு நாளுக்குப் பிறகு ஒரு நாள்கூட முழுசாக நடக்காதது 6 மணி விளையாட்டு மட்டும்தான்.

அது எனக்கு உறைத்தது ஒரு சாயங்காலம். கணக்கு நோட்டு திறந்திருந்தது, ஒரு வரிகூட எழுதவில்லை. அழிப்பானில் பென்சில் முனையால் வரிசையாக ஓட்டை போட்டுக்கொண்டிருந்தான். திட்டத்தான் வாயெடுத்தேன். அப்போதுதான் மேசைக்கு அடியில் அவன் கால் கண்ணில் பட்டது. ஷூவைக் கழற்றவே இல்லை. காலை ஏழரைக்கு நான் கட்டிவிட்ட அதே முடிச்சு. ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் ஷூவோடு இருந்த பிள்ளையைப் பையைக்கூட ஓரமாக வைக்கவிடாமல் கணக்கில் உட்காரவைத்திருக்கிறேன். அன்றைக்கு இரவே அந்தத் தாளைக் கிழித்தேன்.

அடுத்த அட்டவணையில் முதலில் எழுதியது ஓய்வைத்தான். வீட்டுக்கு எத்தனை மணிக்கு வந்தாலும் சரி, வந்ததிலிருந்து 45 நிமிடம் அவனுடையது. அந்த நேரத்தில் "வீட்டுப்பாடம் என்ன கொடுத்தார்கள்?" என்று யாரும் கேட்கக் கூடாது, அவன் அப்பா உட்பட. அதற்குப் பிறகு மணிக்கணக்கே கிடையாது, வரிசை மட்டும்தான்: ஒரு கடினமான பாடம், வெளியே விளையாட்டு, ஒரு எளிதான பாடம். எது கடினம் எது எளிது என்று அவனே சொல்ல வேண்டும். கடினம் கணக்காகத்தான் இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன், அவன் சொன்னது கட்டுரை எழுதுவது.

25 நிமிடம் படிப்பு, 5 நிமிட இடைவேளை என்ற பொமொடோரோ முறை பலருக்குத் தெரிந்திருக்கும். பிரான்செஸ்கோ சிரில்லோ என்பவர் 1980களின் கடைசியில் கல்லூரியில் படித்தபோது தக்காளி வடிவ சமையலறை டைமரை வைத்துத் தொடங்கியது, இத்தாலிய மொழியில் தக்காளிக்குப் பெயரே பொமொடோரோ. என் மகனுக்கு 25 தாங்கவில்லை, பதினெட்டாவது நிமிடத்தில் நெளிய ஆரம்பித்துவிடுவான். 15 படிப்பு, 5 இடைவேளை என்று மாற்றினோம், சரியாக வந்தது. ஒரு கல்லூரி மாணவர் தனக்காக வகுத்த அளவை பதினொரு வயதுப் பிள்ளை மேல் அப்படியே ஏற்ற வேண்டியதில்லை.

இன்னொன்று, நாள் கணக்கை விட்டுவிட்டு வாரக் கணக்கு வைத்தோம். வாரத்துக்கு கணக்கு நான்கு தடவை, அறிவியல் மூன்று, மொழிப்பாடம் மூன்று. எந்த நாளில் எது என்பது அவன் விருப்பம். வியாழக்கிழமை சாயங்காலம் எதுவும் போடாமல் காலியாக வைத்தோம். வாரத்தில் ஏதாவது விடுபட்டால் அதற்கு வியாழன், எதுவும் விடுபடாவிட்டால் வியாழன் முழுக்க அவனுக்கு. இந்தக் காலி நாள் இல்லாமல் போடும் அட்டவணை ஒரு காய்ச்சலுக்குக்கூடத் தாங்காது. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று சொல்லுங்கள்.

* * *

சகோதரி, ஷூ விஷயத்தைப் படித்ததும் மனசு என்னவோ போலாகிவிட்டது. என் மகளுக்கு வயது 15. எங்கள் வீட்டில் பறிபோனது விளையாட்டு இல்லை, தூக்கம். இரவு பன்னிரண்டரை வரை படிப்பாள், ஐந்தரைக்கு அலாரம். நாங்களும் பொறுப்பான பெண் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம். ஒரு நாள் தேர்வுத் தாளைக் கொண்டுவந்து காட்டினாள், தெரிந்த சமன்பாட்டில் கூட்டல் குறியைக் கழித்தலாக எழுதியிருந்தாள், அதுவும் மூன்று இடத்தில். "அப்பா, இதெல்லாம் எனக்குத் தெரியும்பா" என்று சொன்னபோது அவள் கண் கீழே கருத்துப்போயிருந்தது.

அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016இல் வெளியிட்ட பரிந்துரைப்படி 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும், 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம். இவள் தூங்கியது ஐந்து. அதனால் அட்டவணையைத் தலைகீழாகப் போட்டேன், அதாவது படுக்கையிலிருந்து பின்னோக்கி. காலை 6.15க்கு எழ வேண்டும் என்றால் இரவு 10க்குப் படுத்தாக வேண்டும். பள்ளியிலிருந்து வருவது 4.45. நடுவில் ஐந்தே கால் மணி நேரம். வந்ததும் ஓய்வு ஒரு மணி, குளியல் சாப்பாடு சில்லறை வேலை ஒரு மணி, படுப்பதற்கு முன் புத்தகமும் திரையும் இல்லாத அரை மணி. மீதி இரண்டே முக்கால் மணி நேரம். இவ்வளவுதானா என்று அவள் அழுதே விட்டாள்.

நேரம் குறைந்ததால் படிக்கும் விதத்தை மாற்ற வேண்டியதாயிற்று. முன்பு ஒரே பாடத்தை நாலு தடவை வாசிப்பாள். இப்போது ஒரு தடவை வாசித்துவிட்டு, புத்தகத்தை மூடி, வெள்ளைத்தாளில் நினைவிலிருந்து எழுதுகிறாள், பிறகு திறந்து விட்டதைச் சிவப்பில் சேர்க்கிறாள். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் மாணவர்களை வைத்து இதைச் சோதித்திருக்கிறார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்ப வாசித்தவர்கள்தான் முன்னால், ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். திரும்ப வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும், அதை நம்பித்தான் இவள் இரவு இரவாக உட்கார்ந்திருந்தாள்.

சுலபமாக நடந்துவிடவில்லை. முதல் மூன்று வாரம் தினமும் பத்து மணிக்குச் சண்டை. தேர்வுக்கு முந்தைய இரவு இரண்டு தடவை நானே விட்டுக்கொடுத்துப் பதினொன்றரை வரை விளக்கை எரியவிட்டேன். இந்த வயதில் தூக்கம் வருவதே தள்ளிப்போகும், உடம்பு அப்படித்தான் மாறுகிறது, அதனால் ஒன்பது மணிக்கே படு என்று நாம் கண்டிப்பதில் பயன் இல்லை. பத்து என்பது நாங்கள் பேசி ஒத்துக்கொண்ட எல்லை.

* * *

எல்லோரும் ஓய்வை முதலில் வைக்கச் சொல்கிறீர்கள், எங்கள் வீட்டில் அது நடக்கவில்லை என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன். நான் வேலை முடிந்து வீடு வர ஏழு ஆகிவிடும். நாலரையிலிருந்து ஏழு வரை 13 வயதுப் பெண்ணும் 9 வயதுப் பையனும் தனியாக. பையன் வந்ததும் படுத்தானென்றால் ஆறரைக்கு எழுவான், அதுவும் சிடுசிடுவென்று, அப்புறம் ராத்திரி பதினொன்று வரை தூக்கம் வராது. அக்காதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். வந்ததும் பத்தே நிமிடத்தில் முடியும் ஒன்று, வாய்ப்பாடோ கையெழுத்தோ, அதை முடித்துவிட்டுத்தான் ஓய்வு. தூங்குவதானால் 20 நிமிடம், அலாரம் வைத்து. அதற்கு மேல் போனால் ஆழ்ந்த தூக்கத்துக்குள் போய்விடுவான், எழுப்பினால் அரை மணி நேரம் தலை தெளியாது.

அவளுக்கோ அப்படியே எதிர். ஒரு மணி நேரம் தன் அறையில் படம் வரைந்தால்தான் புத்தகத்தைத் தொடுவாள். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பிள்ளைகள், இரண்டு அட்டவணை. ஒன்றை மற்றவருக்குக் காட்டி "பார், அவள் எப்படிப் படிக்கிறாள்" என்று சொல்லும் வழக்கத்தை நான் அறவே விட்டுவிட்டேன்.

* * *

நான் கல்லூரி இரண்டாம் ஆண்டு, என் சொந்தக் கதை. பத்தாம் வகுப்பில் எனக்கு நானே போட்ட அட்டவணை எதுவும் ஒரு வாரம் தாண்டாது, ஒவ்வொரு தடவையும் எனக்குக் கட்டுப்பாடு இல்லை என்றே முடிவு செய்தேன். பிறகு அண்ணன் ஒரு வேலை சொன்னார்: ஒவ்வொரு பாடத்துக்கும் எவ்வளவு நேரம் ஆகும் என்று முன்கூட்டி எழுது, முடித்ததும் உண்மையில் ஆனதைப் பக்கத்தில் எழுது. பத்து நாள் செய்தேன். கணக்குப் பயிற்சி 30 என்று எழுதிய இடத்தில் 50, வரைபடம் 15 என்ற இடத்தில் 35. கட்டுப்பாடு எல்லாம் இருந்தது, நான் போட்ட கணக்குதான் தப்பு.

இது எனக்கு மட்டும் இல்லை என்று பிறகு தெரிந்தது. உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். 1994இல் வெளியான ஓர் ஆய்வில் உளவியல் மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 33.9 நாள் ஆகும் என்றார்கள், ஆனது 55.5 நாள். அதிலிருந்து நான் மனதில் நினைக்கும் நேரத்தோடு பாதியைக் கூட்டித்தான் எழுதுகிறேன். அட்டவணையில் பாடங்கள் குறைந்தன, முடிப்பவை கூடின.

ஓய்வு என்றால் போன் என்று ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் வீடியோ பார்த்துவிட்டு உட்கார்ந்தால் எனக்கு முன்பைவிடச் சோர்வாகத்தான் இருந்தது. மாடியில் நடந்தால், சும்மா படுத்து விட்டத்தைப் பார்த்தால்கூட அப்படி இல்லை.

* * *

ஆசிரியராக ஒரு சின்ன வேண்டுகோள். ஒரு வகுப்புக்கு 10 நிமிடம், அதாவது மூன்றாம் வகுப்புக்கு மொத்தம் 30, ஆறாம் வகுப்புக்கு 60 என்ற வீட்டுப்பாட அளவை அமெரிக்க ஆய்வாளர் ஹாரிஸ் கூப்பர் பல வருடமாகச் சொல்லி வருகிறார். நான் அதைத்தான் பின்பற்றப் பார்க்கிறேன், ஆனால் பக்கத்து வகுப்பு ஆசிரியர் அதே நாளில் என்ன கொடுத்தார் என்பது எனக்குத் தெரியாது. அதனால் பிள்ளை நேர்மையாக உட்கார்ந்தும் முடியவில்லை என்றால், இரவு பதினொன்றுக்கு நீங்களே எழுதிக் கொடுத்து அனுப்பாதீர்கள். டைரியில் "40 நிமிடம் முயன்றான், நாலாவது கணக்கோடு நிறுத்தினோம்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். எல்லா ஆசிரியரும் ஏற்பார்கள் என்று உறுதி சொல்ல முடியாது, நான் ஏற்கிறேன், அடுத்த நாள் ஐந்தாவது கணக்கிலிருந்து அவனோடு தொடங்குகிறேன். முதல் பீரியடில் மேசையில் தலை சாய்க்கும் பிள்ளைக்கு நான் எதைக் கற்றுக்கொடுக்க?

* * *

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. சாரிடம் கேட்காமலே டைரி யோசனையைப் போன வாரம் செய்து பார்த்தேன், எங்கள் வகுப்பாசிரியை கீழே ஒரு டிக் போட்டு அனுப்பியிருந்தார். கல்லூரித் தம்பி சொன்ன இரண்டு நெடுவரிசையும் தொடங்கியாயிற்று, கட்டுரைக்கு என் மகன் எழுதியது 20, ஆனது 45, எனக்கே ஆச்சரியம்.

தேர்வு வாரத்தில் என்ன செய்வீர்கள் என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். பாடத்தைக் கூட்டினேன், வியாழனை எடுத்துக்கொண்டேன், ஆனால் வந்ததும் உள்ள 45 நிமிடத்தைத் தொடவில்லை. குழந்தைகளுக்கு ஓய்வும் விளையாட்டும் உரிமை என்று 1989இன் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் 31ஆவது பிரிவாகவே எழுதியிருக்கிறது. மதிப்பெண் கொஞ்சம் ஏறியது, அறிவியலில் அப்படியேதான் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நேற்று வேன் மறுபடி தாமதம். 5.10க்கு வந்தான். ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தான், கடிகாரத்தை ஒரு தடவை பார்த்தான், "அம்மா, எனக்கு 5.55 வரைக்கும்" என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினான்.