அப்பாவின் எச்.எம்.டி ஜனதா: டயல் மாற்றி விற்பதா, அப்படியே விற்பதா? என்ன விலை சொல்லலாம்?

வேலூர்_பாலா
அப்பாவின் எச்.எம்.டி ஜனதா ஒன்று வீட்டில் இருக்கிறது. சாவி கொடுக்கிற மாடல், வெள்ளை டயல், 17 ஜூவல்ஸ் (மெஷினுக்குள் தேய்மானம் தாங்க வைக்கிற பொடிக் கற்கள்). 1978இல் கல்யாணத்துக்கு மாமனார் வீட்டில் போட்டது. கண்ணாடி முழுக்கக் கீறல். டயலில் நாலு மணிப் பக்கம் பழுப்புப் புள்ளிகள். சாவி கொடுத்தால் ஓடுகிறது. நெட்டில் தேடினால் அதே ஜனதா 900 ரூபாய்க்கும் இருக்கிறது, 18,000க்கும் இருக்கிறது. எங்கள் ஊர் வாட்ச் கடைக்காரர், "டயலைப் புதுசா அடிச்சு, கேஸுக்குப் பாலிஷ் போட்டா ஷோரூம் பீஸ் மாதிரி ஆயிடும், 800 ரூபாய் கொடுங்க" என்கிறார். செய்துவிட்டு விற்கலாமா? என்ன விலை போடலாம்?

ஈரோடு_சந்தை
தாராளமாகச் செய்யுங்கள் தம்பி. நான் சந்தையிலும் ஆன்லைனிலும் பழைய வாட்ச் விற்கிறவன். வாங்குகிற ஆள் போனில் படத்தைத் தள்ளிக்கொண்டே போகிறான். பளிச்சென்று இருந்தால் நிற்பான், அழுக்குப் பிடித்த மாதிரித் தெரிந்தால் போய்க்கொண்டே இருப்பான். 800 செலவு செய்து 2,000 சொன்னால் சீக்கிரம் கை மாறிவிடும். 18,000 எல்லாம் ஆசை விலை. போட்டவனுக்கே அது போகாது என்று தெரியும்.

பழையமுள்
18,000 பற்றி அண்ணன் சொன்னது சரி. மற்றதில் எனக்கு உடன்பாடு இல்லை. பாலா, டயலைத் தொடாதீர்கள்.

நெட்டில் 900, 1,200 என்று கிடக்கிற ஜனதாக்களில் பெரும்பாலானவை மும்பைப் பட்டறைகளில் கோத்துச் சேர்த்தவை. ஒரு வாட்சின் மெஷின், இன்னொன்றின் கேஸ், கைக்குக் கிடைத்த முள், மேலே புதிதாக அச்சடித்த டயல். எச்.எம்.டி கனவில்கூடப் போடாத நிறத்தில் எல்லாம் ஜனதா வருகிறது. உங்களிடம் இருப்பது ஒரே வீட்டில் இருந்த வாட்ச். 800 ரூபாய் கொடுத்து அதையும் அந்தக் குவியலில் சேர்க்கப் போகிறீர்களா?

முதலில் ஒரு லென்ஸ் எடுத்து டயலைப் பாருங்கள். நிமிடக் கோடுகள் மணிக்குறிகளுக்கு நேராக விழுகின்றனவா? எழுத்தின் ஓரம் கத்தியால் வெட்டின மாதிரி இருக்கிறதா, மை ஊறித் தடித்திருக்கிறதா? ஆறு மணிக்குக் கீழே டயலின் விளிம்பை ஒட்டிப் பொடி எழுத்து ஏதாவது இருக்கிறதா? மறு அச்சு அடிக்கிறவர்கள் அதைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள், அல்லது கோணலாகப் போடுவார்கள்.

ஈரோடு_சந்தை
லென்ஸ் வைத்துப் பார்க்கிற ஆள் ஊருக்கு எத்தனை பேர் தம்பி? நீங்கள் சொல்கிற நியாயம் ரோலக்ஸுக்கும் ஒமேகாவுக்கும் சரி. அங்கே டயலில் கை வைத்தால் லட்சக்கணக்கில் அடி. இது ஜனதா. பேரே ஜனதா! 1961இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் ஆரம்பித்ததிலிருந்து எச்.எம்.டி கோடிக்கணக்கில் வாட்ச் போட்டிருக்கிறது. வாத்தியார், கிளார்க், கண்டக்டர் என்று எல்லார் கையிலும் இருந்தது இதுதான்.

கம்பெனியை மூடிவிட்டார்கள், அதனால் அபூர்வம் என்று ஒரு கதை ஓடுகிறது. 2014இல் மூடப்போகிறார்கள் என்று செய்தி வந்ததுமே ஆளாளுக்கு வாங்கிப் பதுக்கினார்கள். 2016இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்ததும் இன்னொரு அலை. அன்று வாங்கி வைத்த சரக்கெல்லாம்தான் இன்றைக்கு வெளியே வருகிறது.

பழையமுள்
வாட்ச் அபூர்வம் என்று நானும் சொல்லவில்லை. கைபடாத டயல்தான் அபூர்வம் என்கிறேன். உங்களைப் போல எல்லாரும் பளிச்சென்று ஆக்கி விற்றதால்தான் அது அபூர்வமானது. :)

பாலிஷ் விஷயம் இன்னும் மோசம். பாலா, பின்மூடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்" என்று இருந்தால் முதுகு மட்டும்தான் எஃகு. முன்பக்கக் கேஸ் வேறு உலோகம், மேலே குரோம் பூச்சு. அதைச் சக்கரத்தில் வைத்துத் தேய்த்தால் பூச்சு போய் மஞ்சள் தெரியும். முழு எஃகாக இருந்தாலும், தேய்க்கத் தேய்க்க, பட்டை மாட்டுகிற காதுகளின் விளிம்பு மழுங்கி சோப்புக்கட்டி மாதிரி ஆகிவிடும்.

கமலம்_டீச்சர்
அப்பா கட்டின வாட்சை விற்கத்தான் வேண்டுமா?

வேலூர்_பாலா
அவரேதான் வித்துடு என்றார் டீச்சர். இப்போது அவருக்கு நடந்த அடியை எண்ணிச் சொல்கிற வாட்ச்தான் வேண்டுமாம்.

கணக்குப்பிள்ளை
இரண்டு பேரும் ஆளுக்கொரு விலையை மனதில் வைத்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள். அந்த விலை எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஓ.எல்.எக்ஸில் தெரிவது சொல்லும் விலை. படிந்த விலை அங்கே தெரியாது. விளம்பரம் காணாமல் போனால் விற்றுப்போனதா, சலித்துப்போய் எடுத்துவிட்டாரா என்பதும் தெரியாது. ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டச் சொல்லி வடிகட்டலாம், ஆனால் அது பெரும்பாலும் வெளிநாட்டுக்காரன் கொடுக்கிற விலை. தளத்துக்குக் கமிஷன், கப்பல் செலவு எல்லாம் அதில் போய்விடும். அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வாட்ச் பிரியர்களின் ஃபேஸ்புக் குழுக்களில் "விற்றது" என்று குறித்த பழைய பதிவுகளைத் தேடுங்கள். உங்களுடையது மாதிரியே புள்ளி விழுந்த ஒரிஜினல் டயல்களை மட்டும் எடுங்கள். பெட்டி பிரிக்காத பழைய ஸ்டாக் பீஸ்களின் விலையை இதோடு சேர்த்தால் கணக்கு கெட்டுப்போகும்.

நான் பார்த்த வரை, ஓடுகிற நிலையில் உள்ள ஒரிஜினல் ஜனதா 2,500இலிருந்து 5,000க்குள் படிகிறது. மறு அச்சு டயல் 2,000ஐத் தாண்டுவது கஷ்டம்.

ஈரோடு_சந்தை
கணக்கு சரி. காலத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். என் 2,000 உடனே கைக்கு வரும். பழையமுள் சொல்கிறபடி டயலைத் தொடாமல் 4,000 சொன்னால், மாதக்கணக்கில் "லாஸ்ட் பிரைஸ் என்ன", "லாஸ்ட் பிரைஸ் என்ன" என்று வருகிற மெசேஜுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அப்புறம், சர்வீஸாவது செய்தாக வேண்டுமா, வேண்டாமா? பழையமுள் அதற்கும் வேண்டாம் என்பாரோ?

பழையமுள்
சர்வீஸுக்கு நான் எதிரி இல்லை. எண்ணெய் காய்ந்துபோன மெஷினை ஓடவிட்டால் அச்சு தேயும். ஆனால் அந்தச் செலவை விற்பவர் விலையில் முழுசாக ஏற்ற முடியாது. விவரம் தெரிந்தவன் எப்படியும் தன் ஆளிடம் கொடுத்து இன்னொரு முறை பிரித்துப் பார்ப்பான். அதனால் "சர்வீஸ் ஆகவில்லை, ஓடுகிறது" என்று எழுதிவிட்டு, எவ்வளவு நன்றாக ஓடுகிறது என்று காட்டினால் போதும். முழுசாகச் சாவி கொடுத்து ஒரு நாள் படுக்க வைத்துப் பாருங்கள், இன்னொரு நாள் செங்குத்தாக நிறுத்தி வைத்துப் பாருங்கள். எத்தனை நிமிடம் முந்துகிறது, பிந்துகிறது என்று அப்படியே எழுதுங்கள்.

கண்ணாடியை மட்டும் தாராளமாக மாற்றலாம். அது பிளாஸ்டிக், விலை சொற்பம், பழைய வாட்சில் அதை யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள். மாற்றும்போது டயலைத் துணியால் துடைக்க விடாதீர்கள், எழுத்தே கையோடு வந்துவிடும்.

ஈரோடு_சந்தை
கண்ணாடியில் ஒத்துப்போகிறேன். டயலில் மாட்டேன். மறு அச்சு என்று விளம்பரத்தில் சொல்லிவிட்டு விற்றால் அதில் என்ன பாவம்?

பழையமுள்
பாவம் ஒன்றும் இல்லை. சொல்லிவிட்டு விற்கிற ஒரு விளம்பரத்தைக் காட்டுங்கள், பார்க்கலாம்.

வேலூர்_பாலா
கடைக்காரரிடம் போய்க் கண்ணாடி மட்டும் மாற்றினேன். பாலிஷ் வேண்டாம் என்றதும் அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. பின்மூடி திறந்தபோது போட்டோ எடுத்தேன்: மெஷின் சுத்தமாக இருக்கிறது, எச்.எம்.டி முத்திரை இருக்கிறது, துரு இல்லை. மூடியில் நீங்கள் சொன்ன அதே "ஸ்டீல் பேக்"தான். கேஸின் காதோரம் ஓரிடத்தில் இப்போதே லேசாக மஞ்சள் தெரிகிறது. டயலில் ஆறு மணிக்குக் கீழே பொடி எழுத்து நேராக இருக்கிறது. படுக்க வைத்தால் நாளைக்கு ஒன்றரை நிமிடம் முந்துகிறது, நிறுத்தி வைத்தால் கிட்டத்தட்ட சரியாக ஓடுகிறது.

இன்னொன்று. அம்மாவின் பீரோவில் கியாரண்டி கார்டு கிடைத்தது. கடை முத்திரையும் தேதியும் இருக்கின்றன.

கணக்குப்பிள்ளை
கார்டில் உள்ள எண் வாட்சில் எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். ஒத்துப்போனால் தைரியமாக ஆயிரம் ஏற்றலாம். போட்டோ போடும்போது அதில் உள்ள பெயரையும் முகவரியையும் மறைத்துவிடுங்கள். பணம் அனுப்புகிறேன், இந்தக் க்யூஆரை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள் என்று ஒருவன் நிச்சயம் வருவான். பணம் வாங்குவதற்கு உங்கள் ரகசிய பின் நம்பர் தேவையே இல்லை.

பழையமுள்
5,500 சொல்லுங்கள், 4,500 வரை இறங்குங்கள். பழுப்புப் புள்ளியையும் கேஸில் மஞ்சள் தெரிகிற இடத்தையும் தனியாகக் கிட்டத்தில் போட்டோ எடுத்து முதல் நாலு படத்துக்குள் வையுங்கள். குறையைத் தானே காட்டுகிறவனிடம் பேரம் அதிகம் நடக்காது.

ஈரோடு_சந்தை
புள்ளி விழுந்த ஜனதாவுக்கு 5,500! யானை விலை, குதிரை விலை. தம்பி, வீண் அலைச்சல் வேண்டாம். கார்டோடு சேர்த்து 3,500 தருகிறேன், நானே எடுத்துக்கொள்கிறேன்.

பழையமுள்
எடுத்து, டயல் மாற்றவா அண்ணே?

ஈரோடு_சந்தை
கார்டு இருக்கிற பீஸில் எவனாவது டயல் மாற்றுவானா? 3,800. கடைசி.

வேலூர்_பாலா
4,500 அண்ணே. கூரியர் உங்கள் செலவு.