தின்னர் கலவையில் 10% மெத்தனால்: எச்302 வருமா, வராதா?

பிப்பெட்9 கேட்டது:

ஒரு தின்னருக்கு ஜிஎச்எஸ் முறையில் (வேதிப்பொருள் ஆபத்துகளை வகைப்படுத்தி லேபிளிடும் உலகப் பொதுமுறை) பாதுகாப்புத் தரவுத்தாளின் 2ஆம் பகுதியை, அதாவது ஆபத்து வகைப்பாட்டை, எழுதிக்கொண்டிருக்கிறேன். எடை விகிதம் இது:

டொலுவீன் (காஸ் எண் 108-88-3) – 45%
நார்மல் பியூட்டைல் அசிடேட் (123-86-4) – 25%
அசிட்டோன் (67-64-1) – 20%
மெத்தனால் (67-56-1) – 10%

சிக்கல் மெத்தனாலில்தான். சப்ளையர் தாளின் 2ஆம் பகுதியில் எச்301, அதாவது விழுங்கினால் நச்சு, வகை 3 (எச் எண்கள் ஆபத்து வாசகங்களின் குறியீடுகள்; வகை எண் குறைந்தால் ஆபத்து அதிகம்). அதே தாளின் 11ஆம் பகுதியில் (நச்சியல் தரவு) எலிக்கு வாய்வழி எல்டி50, அதாவது சோதனை விலங்குகளில் பாதி இறக்கும் அளவு, 5,628 மி.கி./கி.கி. வகை 3 என்றால் 50-க்கு மேல் 300 வரை இருக்க வேண்டுமே? நான் 5,628-ஐ வைத்துக் கணக்கிட்டேன்: 100 ÷ (10/5628) = 56,280. எந்த வகையிலும் சேரவில்லை, எச்302-ம் (விழுங்கினால் தீங்கு, வகை 4) வராது என்று விட்டுவிட்டேன். சரியா?

கூடவே இரண்டு சந்தேகம். ஃபிளாஷ் பாயிண்ட் (ஆவி தீப்பற்றக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலை) சோதனை இன்னும் செய்யவில்லை. செய்யாமல் தீப்பற்றும் வகையைத் தீர்மானிக்கலாமா? மெத்தனாலை 9.5% ஆகக் குறைத்தால் லேபிள் இலகுவாகுமா?

இப்போதைய லேபிள் வரைவு: தீச்சுவாலைச் சின்னம், உடல்நல அபாயச் சின்னம், "அபாயம்" என்ற சொல். ஆச்சரியக்குறியை எடுத்துவிட்டேன். உடல்நலச் சின்னம் இருந்தால் அது தேவையில்லை என்று படித்த நினைவு.

---

கலவைக்கணக்கு:

சப்ளையர் தாளில் முரண் இல்லை. இரண்டு எண்களும் இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கான விடை.

மெத்தனால் உடலுக்குள் ஃபார்மால்டிஹைடாகி, அங்கிருந்து ஃபார்மிக் அமிலமாகிறது. எலியின் கல்லீரல் ஃபோலேட் துணையோடு அந்த அமிலத்தை வேகமாக அகற்றிவிடும். மனிதக் கல்லீரலால் அந்த வேகத்தில் முடியாது. அமிலம் தேங்குகிறது, ரத்தம் அமிலத்தன்மை அடைகிறது, பார்வை நரம்பு பாதிக்கப்படுகிறது. எலி தாங்குவதை மனிதன் தாங்க மாட்டான். மனிதர்களிடம் கண்ட சான்று விலங்குச் சோதனையைவிடக் கடுமையாக இருந்தால் மனிதச் சான்றுக்கே முன்னுரிமை. வகை 3 வந்தது அப்படித்தான்.

ஆகவே கலவைக் கணக்கில் 5,628-ஐ எடுக்கக் கூடாது. வகை மட்டும் கையில் இருக்கும்போது அந்த வகைக்கென வைத்திருக்கும் மாற்று மதிப்பை எடுக்க வேண்டும். வாய்வழிக்கு அவை: வகை 1-க்கு 0.5, வகை 2-க்கு 5, வகை 3-க்கு 100, வகை 4-க்கு 500 (மி.கி./கி.கி.). வகை 3-க்கு 100 என்பது 50–300 வீச்சின் நடு எண் அல்ல, கணக்குக்கென்றே வைத்த எண். சராசரி எடுத்து 175 என்று போடுபவர்கள் உண்டு, போடாதீர்கள்.

இப்போது மூன்று வழிக்கும் (மெத்தனால் மூன்றிலும் வகை 3):

வாய்வழி: 100 ÷ (10/100) = 1,000. இது 300-க்கும் 2,000-க்கும் இடையில். வகை 4, எச்302. வரும்.

தோல் வழி: வகை 3-க்கு மாற்று மதிப்பு 300. 100 ÷ (10/300) = 3,000. இது 2,000-க்கு மேல், எனவே வகை 4 கிடையாது. வகை 5 (2,000–5,000) ஏற்கப்பட்ட இடத்தில் மட்டும் எச்313 (தோலில் பட்டால் தீங்காகலாம்) யோசிக்கலாம். ஐரோப்பிய வகைப்படுத்தல் விதியான சிஎல்பி வகை 5-ஐ எடுத்துக்கொள்ளவே இல்லை. உங்கள் தாள் எந்த விதிக்கு எழுதப்படுகிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

ஆவி சுவாசிப்பு: மாற்று மதிப்பு 3 மி.கி./லி. 100 ÷ (10/3) = 30. வரம்பு 20. வகை இல்லை.

டொலுவீன், அசிட்டோன், பியூட்டைல் அசிடேட் மூன்றும் உடனடி நச்சு வகைகளில் இல்லாதவை, கூட்டலில் சேர்க்க வேண்டாம். விரிதாளில் எல்லாப் பொருளின் எல்டி50-யையும் தானாக இழுத்துப் போட்டுக் கூட்டினால்தான் இப்படி 56,280 போன்ற "பாதுகாப்பான" விடைகள் வரும். எண்ணை எடுக்குமுன் 2ஆம் பகுதியும் 11ஆம் பகுதியும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் 2ஆம் பகுதியின் பின்னால் மனிதச் சான்று இருக்கலாம்.

---

நீலலிட்மஸ்:

மேலே சொன்னது சரி. ஆனால் மெத்தனாலில் எச்302-ஐவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு: எச்370, குறிப்பிட்ட உறுப்பு நச்சு, ஒருமுறை வெளிப்பாடு, வகை 1. கலவையில் வகை 1 பொருள் 10% அல்லது அதற்கு மேல் இருந்தால் கலவையும் வகை 1. உங்களிடம் சரியாக 10%. வரம்பு "10-க்கு மேல்" அல்ல, "10-ம் அதற்கு மேலும்". எனவே எச்370 வந்தே தீரும். வாசகத்தில் உறுப்பையும் எழுதுங்கள்: கண்கள், மத்திய நரம்பு மண்டலம்.

9.5% ஆக்கினால் என்ன கிடைக்கும்? எச்370 இறங்கி எச்371 (வகை 2) ஆகும். வாய்வழி மதிப்பு 100 ÷ (9.5/100) ≈ 1,053, அதே வகை 4. "அபாயம்" என்ற சொல் போகாது, எச்225-ம் (எளிதில் தீப்பற்றும் திரவம்) எச்304-ம் (விழுங்கி நுரையீரலுக்குள் போனால் ஆபத்து) அதைப் பிடித்து வைத்திருக்கும். உடல்நலச் சின்னமும் போகாது. ஒரு வாசகம் மாறும், அவ்வளவே. அதிலும் எடை போடும்போது அரை சதவீதம் கூடினால் மீண்டும் 10-ல் நிற்பீர்கள். தாளில் மெத்தனாலை "5–10%" என்று வீச்சாகக் காட்டினால் மேல் எல்லைக்குத்தான் வகைப்படுத்த வேண்டும். குறைக்க வேண்டுமென்றால் தாராளமாகக் குறையுங்கள், விளிம்பில் நிறுத்தாதீர்கள்.

ஃபிளாஷ் பாயிண்ட்: இந்தக் கலவைக்கு வகையைத் தீர்மானிக்கச் சோதனை தேவைப்படவில்லை. டொலுவீனுக்கு 4°செ., அசிட்டோனுக்குப் பூஜ்யத்துக்கும் வெகு கீழே, மெத்தனாலுக்குச் சுமார் 11°செ. கலவை 23°செ.-க்குக் கீழே இருக்கும் என்பதில் ஐயமே இல்லை. மீதி கேள்வி வகை 1-ஆ, 2-ஆ என்பது. அதைத் தொடக்கக் கொதிநிலை தீர்மானிக்கிறது: 35°செ. அல்லது அதற்குக் கீழ் என்றால் வகை 1. அசிட்டோன் 56°செ.-ல் கொதிக்கிறது; மெத்தனாலோடு சேர்ந்து அசியோட்ரோப் (ஒரே கொதிநிலையில் சேர்ந்து கொதிக்கும் கலவை) ஆனாலும் 55-ஐ ஒட்டித்தான். எனவே வகை 2, எச்225. தரவுத்தாளின் 9ஆம் பகுதிக்கும் போக்குவரத்து ஆவணத்துக்கும் அளந்த எண் கேட்பார்கள், மூடிய கிண்ண முறையில் ஒருமுறை அளந்து வையுங்கள். திறந்த கிண்ண எண் பொதுவாக உயரமாக வரும், அதை வகைப்படுத்தப் பயன்படுத்த வேண்டாம்.

மீதியில் பெரும்பாலானவை டொலுவீனிலிருந்து. 45% என்பது எல்லா வரம்பையும் தாண்டிவிடுகிறது: தோல் எரிச்சல் (வரம்பு 10%) எச்315, கருவுக்குப் பாதிப்பு என்ற சந்தேகம் (3%) எச்361, நீண்டநாள் வெளிப்பாட்டில் உறுப்புப் பாதிப்பு (10%) எச்373. கண் எரிச்சல் அசிட்டோனால், 20%, எச்319. மயக்கமும் தலைச்சுற்றும், எச்336: டொலுவீன், அசிட்டோன், பியூட்டைல் அசிடேட் மூன்றுக்கும் அது உண்டு. கூட்டினால் 90%, வரம்பு 20%.

எச்304 தனியாகச் சொல்ல வேண்டியது. விழுங்கியது நுரையீரலுக்குள் போகும் அபாயம் இது. அதற்கு இரண்டு நிபந்தனை: இந்த வகைப் பொருள் 10%-க்குக் குறையாமல் இருக்க வேண்டும், 40°செ.-ல் இயக்கப் பாகுநிலை 20.5 மி.மீ²/வி. அல்லது அதற்குக் கீழ் இருக்க வேண்டும். ஆய்வக அறிக்கை சென்டிபாய்ஸில் வந்தால் அடர்த்தியால் வகுங்கள். தின்னர் தண்ணீரைவிட மெல்லிசாக ஓடும், இங்கே ஐயமில்லை. கெட்டியான பெயின்டில்தான் இந்த எண் உங்களைக் காப்பாற்றும் அல்லது கவிழ்க்கும்.

---

பிப்பெட்9:

நன்றி. அப்படியானால் முதலுதவி வரியையும் மாற்ற வேண்டும்போல. மெத்தனால் இருப்பதால் "விழுங்கினால் வாந்தி எடுக்க வைக்கவும்" என்று எழுதியிருந்தேன்.

---

நீலலிட்மஸ்:

உடனே எடுங்கள். எச்304 இருக்கும் கலவைக்கு அது நேர் எதிரான அறிவுரை. வாந்தியோடு டொலுவீன் மேலே வரும்போதுதான் நுரையீரலுக்குள் புகும். "வாந்தி எடுக்க வைக்காதீர்கள்" (முன்னெச்சரிக்கை வாசகம் பி331) என்பது லேபிளிலேயே இருக்க வேண்டும். கூடவே உடனடியாக விஷ மையத்தை அல்லது மருத்துவரை அழைக்கும் வரி. மெத்தனால் இருக்கிறது என்பதை மருத்துவருக்கான குறிப்பாக 4ஆம் பகுதியில் எழுதுங்கள். பார்வை மங்கல் பல மணி நேரம் கழித்து வரலாம் என்பதையும் சேருங்கள்.

---

கலவைக்கணக்கு:

ஆச்சரியக்குறியைத் திரும்ப வையுங்கள். நீங்கள் படித்தது பாதி விதி. ஆச்சரியக்குறி விலகும் இடங்கள் மூன்று. மண்டையோட்டுச் சின்னம் இருந்தால் ஆச்சரியக்குறி விலகும். அரிப்புச் சின்னம் இருந்தால் தோல், கண் எரிச்சலுக்கானது விலகும். உடல்நலச் சின்னம் *சுவாச ஒவ்வாமைக்காக* வந்திருந்தால் மட்டுமே தோல் ஒவ்வாமை, தோல் எரிச்சல், கண் எரிச்சலுக்கானது விலகும். உங்கள் உடல்நலச் சின்னம் எச்304, எச்361, எச்370, எச்373-ஆல் வந்தது. எச்302, எச்315, எச்319, எச்336 நான்கும் ஆச்சரியக்குறியைக் கேட்கின்றன. மூன்று சின்னமும் வேண்டும்.

நீர்வாழ் உயிரிகளுக்கான பகுதியையும் பாருங்கள். சில சப்ளையர் தாள்களில் டொலுவீனுக்கு எச்412 இருக்கும், சிலவற்றில் இருக்காது. உங்களுடையதில் இருந்தால் வரம்பு 25%, உங்களிடம் 45%.

---

சோடாக்குடம்:

இடையில் ஒரு கேள்வி. சோடியம் ஹைட்ராக்சைடு 1.5% மட்டுமே உள்ள தரை கழுவும் திரவம், பிஎச் 13.5. சிஎல்பி பட்டியலில் 0.5 முதல் 2% வரை எரிச்சலூட்டி என்றுதான் இருக்கிறது. எச்315 போட்டால் போதுமா?

---

கலவைக்கணக்கு:

அவசரப்படாதீர்கள். பிஎச் 2 அல்லது அதற்குக் கீழும், 11.5 அல்லது அதற்கு மேலும் இருந்தால் வேறு தகவல் இல்லாதவரை அரிப்பு, வகை 1 என்றே தொடங்க வேண்டும். அதை இறக்க வேண்டுமானால் காரச் சேமிப்பை அளக்க வேண்டும். 100 கிராம் திரவத்துக்கு எத்தனை கிராம் சோடியம் ஹைட்ராக்சைடுக்குச் சமம் என்பதே அது. பிஎச்சோடு அதன் பன்னிரண்டில் ஒரு பங்கைக் கூட்டி 14.5 அல்லது மேல் வந்தால் அரிப்பு. உங்களுக்கு 13.5 + 1.5/12 ≈ 13.6. தாண்டவில்லை. ஆனால் இது மட்டும் போதாது, ஓஈசிடி 431 போன்ற செயற்கைத் தோல் சோதனையால் உறுதிசெய்ய வேண்டும். கார்பனேட், சிலிகேட் சேர்த்திருந்தால் சேமிப்பு ஏறும், 1.5 என்ற எண் அப்போது பொய். கண்ணுக்குத் தனியாகப் பாருங்கள். தோலுக்கு இறங்கியது கண்ணுக்கும் இறங்கிவிடாது. விரிவாக வேண்டுமென்றால் தனி இழை தொடங்குங்கள், இங்கே தின்னர் குழம்பிவிடும்.

---

பிப்பெட்9:

இப்போதைய பட்டியல்: எச்225, எச்302, எச்304, எச்315, எச்319, எச்336, எச்361, எச்370, எச்373. மூன்று சின்னம், "அபாயம்". டொலுவீன் தாளில் எச்412 இல்லை. இதோடு முடித்து அனுப்பலாமா?

---

நீலலிட்மஸ்:

ஒன்று பாக்கி. டொலுவீனில் பென்சீன் எவ்வளவு? பென்சீன் புற்றுநோய் வகை 1, மரபணு மாற்றம் வகை 1. இரண்டுக்கும் கலவை வரம்பு 0.1%. உங்கள் டொலுவீன் 45%, எனவே டொலுவீனுக்குள் பென்சீன் 0.22%-க்குக் கீழ் இருந்தாக வேண்டும். மீட்டெடுத்த டொலுவீன் என்றால் இதை ஒவ்வொரு லாட்டுக்கும் கேளுங்கள்.

---

பிப்பெட்9:

பகுப்பாய்வுச் சான்றிதழில் "தூய்மை 99.5%" என்று மட்டும் இருக்கிறது. பென்சீனுக்குத் தனி வரி இல்லை.

---

நீலலிட்மஸ்:

மீதி 0.5% முழுவதும் பென்சீன் என்று வைத்துப் பாருங்கள்: 0.45 × 0.5 = 0.225%. வரம்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல், எச்350-ம் (புற்றுநோய்) எச்340-ம் (மரபணு மாற்றம்) வந்துவிடும். அப்படி இருக்க வாய்ப்புக் குறைவுதான், ஆனால் சான்றிதழ் அதை மறுக்கவில்லை. கேஸ் குரோமேட்டோகிராஃபியில் பென்சீன் மட்டும் எத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று சப்ளையரிடம் எழுத்தில் கேளுங்கள். 2,200 பிபிஎம்முக்குக் கீழ் என்றால் உங்கள் பட்டியல் அப்படியே நிற்கும். அந்த எண் கைக்கு வரும்வரை 2ஆம் பகுதியை வரைவாகவே வைத்திருங்கள்.