பழைய கணினியில் டயல்-அப் மோடம்: "நோ டயல்டோன்" என்றே நிற்கிறது, உதவுங்களேன்

பல்லடத்தான்:
வணக்கமுங்க. எங்கள் தறிக் குடோன் ஆபீசில் கிடந்த பென்டியம் 2 கணினி, விண்டோஸ் 98, இன்னும் ஓடுகிறது. போன் லைன் வழியே கணினியை இன்டர்நெட்டில் சேர்க்கிற, சீரியல் போர்ட்டில் மாட்டுகிற 56கே (நொடிக்கு 56 கிலோபிட் வேகம்) வெளி மோடம் ஒன்றும் அட்டைப்பெட்டியோடு பரணில் இருந்தது. மகள் பள்ளிக் கண்காட்சியில் அந்தக் காலத்து இன்டர்நெட்டைக் காட்டப் போகிறாளாம். அந்தக் கீச்சுச் சத்தம் கேட்டே ஆக வேண்டுமாம். டிரைவர் போட்டாயிற்று. டயல் செய்தால் "நோ டயல்டோன்" என்று வருகிறது. அதே ஒயரில் சாதாரண போனை மாட்டினால் டோன் நன்றாகக் கேட்கிறது. மோடம் போய்விட்டதுங்களா?

ஈரோட்டு மெக்கானிக்:
போகவில்லைங்க. "நோ டயல்டோன்" என்று சொல்வதே மோடம்தான். அப்படியென்றால் போர்ட், கேபிள், டிரைவர் மூன்றும் சரி. அங்கே கோளாறு இருந்தால் மோடம் பதிலே தராது. சீரியல் மவுஸ் காம் 1 போர்ட்டிலும் மோடம் காம் 3 போர்ட்டிலும் இருந்து, இரண்டும் ஐஆர்க்யூ 4-க்கு (கணினியின் கவனத்தைக் கூப்பிடுகிற தடம்) சண்டை போடுவதுதான் அந்த நாளில் பாதிப் பேருக்கு வந்த தொல்லை. உங்களுக்கு அது இல்லை.

முதலில் ஒயர் மோடத்தின் "லைன்" ஓட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள், "போன்" ஓட்டையில் அல்ல. அப்புறம் டோன். அமெரிக்க டோன் 350, 440 ஹெர்ட்ஸ் இரண்டும் கலந்தது. நம்முடையது 400 ஹெர்ட்ஸ், அதுவும் அதிர்ந்து வரும். நம் காதுக்கு இரண்டும் டோன்தான், அமெரிக்க டோனுக்குப் பழகிய மோடத்துக்கு அப்படி இல்லை. மோடம் ப்ராப்பர்ட்டீஸ், கனெக்‌ஷன் பக்கத்தில் "வெயிட் ஃபார் டயல் டோன்" டிக்கை எடுத்துவிடுங்கள். ஹைப்பர்டெர்மினலில் (மோடத்துக்கு நேராகக் கட்டளை அடிக்கிற விண்டோஸ் புரோகிராம்) என்றால், டோனுக்குக் காத்திராதே என்கிற ஏடிஎக்ஸ்3 (ATX3) கட்டளையை அடித்துவிட்டு டயல் செய்யுங்கள்.

பல்லடத்தான்:
லைன் ஓட்டையில்தாங்க இருக்கிறது. எக்ஸ்3 போட்டதும் டயல் ஆகிறது! சூலூரில் மச்சான் வீட்டிலும் ஒரு பழைய மோடம் இருக்கிறது, அதில் ஏடிஎஸ்0=1 (ATS0=1) போட்டு, மணி அடித்ததும் தானாக எடுக்கும்படி வைக்கச் சொன்னேன். மணி அடித்தது, எடுத்தது, கீச்சென்று கொஞ்ச நேரம் கத்தியது, "நோ கேரியர்" (எதிர் மோடத்தின் சிக்னல் இல்லை) என்று அறுந்துவிட்டது. இரண்டு வீட்டிலும் இப்போது ஃபைபர் பெட்டியிலிருந்துதான் போன் வருகிறது. அதனாலா?

கோபி லைன்மேன் (ஓய்வு):
அதனாலேதான் தம்பி. செம்புக் கம்பியில் உங்கள் வீட்டுக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் நடுவே நேரடியான மின்சுற்று இருந்தது, 48 வோல்ட் டிசி. ஃபைபர் பெட்டி குரலைத் துண்டு துண்டாக நறுக்கி இன்டர்நெட்டில் அனுப்புகிறது. நடுவே ஒரு துண்டு விழுந்தாலும் மனிதக் காது நிரப்பிக்கொள்ளும், மோடம் நிரப்பாது. குரலை 64 கேபிபிஎஸ்ஸில் (நொடிக்கு 64 கிலோபிட்) சுருக்காமல் அனுப்பினால் குறைந்த வேகத்தில் தாக்குப்பிடிக்கலாம். 8 கேபிபிஎஸ்ஸுக்குச் சுருக்கிவிட்டால் ஒன்றும் தேறாது.

கம்பி இருந்த காலத்தில் வேறு வினை. சித்திரையில் கோடைமழை இடி இறங்கினால் லைன் வழியாக வந்து மோடத்தை முடித்துவிடும். மழை கட்டினால் ஒயரைப் பிடுங்கிப் போடச் சொல்லுவோம், யார் கேட்டார்கள்!

சோமனூர்க்காரன்:
கண்காட்சிக்கு போன் லைனே எதுக்குங்க? மச்சானுடைய கணினி, மோடம் இரண்டையும் தூக்கி வந்து பக்கத்தில் வையுங்கள். இரண்டு "லைன்" ஓட்டையையும் ஒரே போன் ஒயரால் சேருங்கள். இரண்டிலும் ஹைப்பர்டெர்மினல். ஒன்றில் ஏடிஎக்ஸ்1டி (ATX1D, டோன் பார்க்காமல் கூப்பிடு), உடனே மற்றதில் ஏடிஏ (ATA, அழைப்பை எடு). சத்தம் போதாவிட்டால் முன்னதாக ஏடிஎம்1எல்3 (ATM1L3, ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டு) அடித்துக்கொள்ளுங்கள்.

பல மோடம்கள் இப்படியே சேர்ந்துவிடும். சிலதுக்கு லைனில் கொஞ்சம் கரண்ட் ஓடினால்தான் வேலை செய்யும். அப்போது ஒயரின் இரண்டு இழையில் ஒன்றை மட்டும் வெட்டி, நடுவே 9 வோல்ட் பேட்டரியும் 300 ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டரும் வரிசையாகப் போடுங்கள். நிஜ போன் லைனில் இதைச் செய்து வைக்காதீங்க, மணி அடிக்கும்போது அதில் 75 வோல்ட் ஏசி வரும்.

இன்னொன்று, 56கே எதிர்பார்க்க வேண்டாம். அந்த வேகத்துக்கு ஒரு முனை எக்ஸ்சேஞ்சோடு டிஜிட்டலாகவே இணைந்திருக்க வேண்டும். வீட்டு மோடம் இரண்டு பேசிக்கொண்டால் 33.6கே-தான் உச்சம்.

பல்லடத்தான்:
பேட்டரி போட்டதும் "கனெக்ட் 31200"! கத்தல் ஊருக்கே கேட்டது, மகளுக்கு ஒரே குஷி. ஒரு சின்ன சந்தேகம்: நான் டைப் செய்வது அந்தத் திரையில் வருகிறது, என் திரையில் வரவில்லையே?

ஈரோட்டு மெக்கானிக்:
ஹைப்பர்டெர்மினல் ப்ராப்பர்ட்டீஸ், செட்டிங்ஸ், ஆஸ்கி செட்டப். அதில் "எக்கோ டைப்டு கேரக்டர்ஸ் லோக்கலி"யை இரண்டு பக்கமும் டிக் செய்யுங்கள். எதிர்முனையிலிருந்து வருகிற வரிகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால், "அப்பெண்ட் லைன் ஃபீட்ஸ்" என்பதையும் சேர்த்து டிக் செய்துவிடுங்கள். கண்காட்சி அன்று புது பேட்டரி ஒன்று கையில் இருக்கட்டும்.